வெள்ளிக்கிழமை மசித்த ராஜ்மா

ஆறு பல்லை ஒரே வாரத்தில் பிடுங்கிய பிறகு லூர்துராணி சாப்பாட்டையே விட்டுவிட்டாள். கஞ்சியைக் கண்டாலே குமட்டியது. பால்சோறு கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவள் புருஷன் அமிர்தசாமி எந்த டாக்டரையும் நம்புகிற ஆள் இல்லை. படுக்கவைத்தால் லேசில் எழுப்பி அனுப்பமாட்டான்கள் என்று நினைத்தார்.

புதன்கிழமை அவளே வாயைத் திறந்தாள்.

“பெலிண்டா வீட்டுல இருந்தப்ப, பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரம்மா பீன்ஸை மசிச்சுக் குடுக்கும். அது கெடச்சா ரெண்டு வாய் திம்பேன்.”

அமெரிக்காவிலிருந்து மகள் பெலிண்டா வாட்ஸாப்பில் பேசி அனுப்பினாள். ராஜ்மாவை முதல்நாளே ஊறப்போட்டு வேகவைக்க வேண்டும். பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயம் வதக்கி, அதில் போட்டு மசிக்க வேண்டும். எண்ணெயிலும் செய்யலாம், ஆனால் அம்மா கேட்கிற ருசி கொழுப்பில்தான் வரும்.

வியாழக்கிழமை அமிர்தசாமி பாலக்கரையில் தைரியராஜின் பன்றிக்கறிக் கடைக்குப் போனார்.

“வெறும் கொழுப்பா? எப்ப மாமா சமைக்கப்போறீங்க?”

“அது எதுக்குடா ஒனக்கு? பழசைத் தள்ளிவிடலாம்னு பாக்குறியா? வெட்டு.”

தைரியராஜ் கொழுப்பை வெட்டிக் கட்டிக்கொடுத்தான்.

மறுநாள் காலை குக்கர் ஆறு விசில் அடித்தும் ராஜ்மா கல்லாகவே கிடந்தது. மளிகைக் கடைக்காரன் போன வருஷத்துச் சரக்கைக் கட்டிவிட்டான். திரும்ப ஏற்றினார். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டே வெங்காயம் நறுக்கினார். ஒருவழியாக வெந்ததும் பாதியை மட்டும் கொழுப்பில் வெங்காயம் வதங்கிய சட்டியில் போட்டார். ஊர்பேர் தெரியாத சமையல். கெட்டுப்போனாலும் பாதியாவது மிஞ்சட்டும்.

பருப்பு மத்தால் கடைந்தார். ராஜ்மா வெந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி மறுபடி கடைந்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. பார்க்கச் சேறு மாதிரி இருந்தாலும் வாசனை ஆளை இழுத்தது.

அந்த வாசனைக்கே லூர்துராணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கரண்டியை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“என்னங்க, எதுல வதக்குனீங்க?”

“பன்னிக் கொழுப்புல. ஒம் மவ சொன்னதுதான்.”

“இன்னைக்கு என்ன கெழமை?”

அமிர்தசாமி சுவரில் காலண்டரைப் பார்த்தார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளி. கறி தொடக்கூடாத சுத்தபோசன நாள். நாற்பத்தைந்து வருஷமாகத் தட்டில் கறி இல்லாததை வைத்துத்தான் அவர் அந்த வெள்ளிகளை அறிந்திருந்தார். சமைத்தவள் இப்போது படுக்கையில். கறிக்கடைக்காரன் எப்போது என்று கேட்டதும் இதற்காகத்தான்.

“சீக்காளிக்கு அதெல்லாம் கெடையாது ராணி. வேணும்னா சாமியாருக்குப் போன் போடுறேன், கேளு.”

“போடுங்க. அவரே வந்து தின்னுட்டுப் போகட்டும்.”

கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவளிடம் சண்டை போட அவருக்குத் தெம்பில்லை.  முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்திலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போனார். குக்கரில் நம்பாமல் விட்டுவைத்த பாதி அப்படியே இருந்தது. வேறு சட்டி, கடலை எண்ணெய், மறுபடி வெங்காயம், மறுபடி மத்து. கை பாதியில் நின்று நின்று ஓடியது.

மணி நாலாகிவிட்டது. அவள் முதல் கரண்டியை வாயில் வைத்து நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கினாள்.

“உப்பு பத்தல.”

“ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல்.”

உப்பைக் கொண்டுவந்து போட்டார். ஏழு கரண்டி உள்ளே போனது.

காலையிலிருந்து அவரும் பட்டினி. ஆனாலும் கொழுப்பில் செய்த முதல் சட்டியை எடுத்துக்கொண்டு குப்பைவாளிப் பக்கம் நடந்தார்.

“அதைக் கொட்டிராதீங்க,” கட்டிலிலிருந்து குரல் வந்தது. “ஃபிரிஜ்ஜுல வையுங்க. நாளைக்குச் சனிக்கிழமைதான, அது எனக்கு.”

பத்து நாளில் அவள் நாளைய சாப்பாட்டைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அமிர்தசாமி சட்டியின்மேல் ஒரு தட்டைப் போட்டு மூடினார்.