ஆறு அங்குல மண்வெட்டி

நான் வரைந்த பன்னிரண்டு மண்வெட்டிகளில் பதினொன்று லோத்குண்டா சாலையோரம் தார்ப்பாய்க்குக் கம்பமாக நின்றுகொண்டிருந்தன. பன்னிரண்டாவதில் யாருடைய பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று தலைக்கு மேலேயே வந்தது.

அது 2001. இன்டர்நெட் கேபிள் பதிக்கிறோம் என்று ஹைதராபாத் முழுக்கத் தெருக்களைத் தோண்டிப் போட்டிருந்த காலம். என் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜீடிமெட்லாவில் கைக்கருவிகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவள். “எல்லார் வீட்டுப் பிள்ளையும் அமெரிக்காவுல, எங்க மைதிலி மண்வெட்டியில” என்று அல்வாலில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

ஆனால் அந்த மண்வெட்டியில் விஷயம் இருந்தது. கேபிள் கட்டைவிரல் மொத்தம்தான். பள்ளமோ இடுப்பளவு ஆழம். ஆள் இறங்கி நிற்க மேல் பாதி அகலமாக இருக்க வேண்டும், சரி. கீழ்ப் பாதி எதற்கு அவ்வளவு அகலம்? சாதாரண மண்வெட்டியின் இலை பத்து அங்குலம் என்பதால் கீழேயும் பத்து அங்குலம் வெட்டுகிறார்கள். வேண்டாத மண்ணை வெட்டி, தூக்கி, திரும்பத் தள்ளி மூடுகிறார்கள். நான் இலையை ஆறு அங்குலமாகக் குறைத்தேன். நேரான கழுத்து, நீளமான கைப்பிடி, இலையின் இரு தோளிலும் காலால் மிதித்து இறக்க ஒரு தகடு. ஏழு வருடமாக வெளிநாட்டு மாதிரிகளை அளந்து அளந்து நகல் எடுத்தவள், முதல்முறையாகச் சொந்த மூளையிலிருந்து ஒன்றை வரைந்திருந்தேன்.

முதலாளி புருஷோத்தமன் லாலாகுடா ரயில்வே குடும்பத்துக்காரர். அவருடைய தமிழில் பாதி ஹைதராபாத்துக்குச் சொந்தம்.

“நல்லாத்தான் இருக்கு. வாங்குறவன் யாரு? பள்ளம் வெட்டுற ஒரு கேங்குக்குப் பன்னெண்டு பீஸ் குடு. அடுத்த சனிக்கிழமை நானே வந்து பாக்குறேன். புடிச்சா டை போடலாம். இல்லேன்னா நக்கோ, வேணாம்.”

டை என்பது தகட்டை அழுத்தி வெட்டுகிற இரும்பு அச்சு. அது வந்தால் என் கருவி பிறந்துவிட்டது என்று பொருள். வராவிட்டால் என் மூன்று மாத உழைப்பு பழைய பேப்பர்காரனுக்கு.

எங்கள் யார்டில் மூன்று ஃபிட்டர்கள் சோதித்தார்கள். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தப் பெருமையோடுதான் பன்னிரண்டையும் லோத்குண்டா கேங்குக்கு அனுப்பிவைத்து, புதன்கிழமை நேரில் போய் இந்தக் கம்பங்களைப் பார்த்தேன்.

“யாருங்க இதையெல்லாம் நட்டது?”

“நாந்தாம்மா,” என்றாள் கேங்கின் தலைவி கனகம். பாலக்கோட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும். “நல்ல கெட்டியா இருக்குது. நேத்து அடிச்ச காத்துக்கு அசையவே இல்ல.” அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

“இது பள்ளம் வெட்டறதுக்குங்க. கூடாரம் போடறதுக்கு இல்லீங்க.”

கனகம் இடது காலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்காலில் துணிக்கட்டு. “மொத நாளே உங்க தகடு கடிச்சிட்டுது. வெறுங்காலால எத்தினி மிதி மிதிக்கிறது?”

“அப்ப செருப்புப் போட்டுக்குங்க. இல்லைன்னா சொல்லுங்க, எல்லாருக்கும் பூட்ஸுக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். “பள்ளத்துல யாராச்சும் செருப்பு போடுவாங்களா?” என்று ஒருத்தி கேட்டாள், கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னதுபோல. ஏன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

“இன்ஜினியரம்மா, நீங்க இதுவரைக்கும் எத்தினி அடி வெட்டியிருக்கீங்க?” என்று கேட்டாள் கனகம்.

ஏழு வருடமாக மண்வெட்டி வரைகிறேன். ஒரு அடிகூட வெட்டியதில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

“நாளைக்கி வாங்க. சோறு நாங்க போடறோம்.”

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வீம்புக்கு என் கருவியையே எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழ்ப் பள்ளத்தில் ஒரு பாதம் முன்னால், ஒரு பாதம் பின்னால் வைத்துத்தான் நிற்க முடிந்தது. பத்தாவது மிதியில் தகடு கடித்தது. இருபதாவதில் என் கருவியை நானே திட்டினேன். மேலே கனகத்தின் புருஷன் தியாகு கடப்பாரையோடு உட்கார்ந்து, சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணி இருக்கும். கரடுமுரடான செம்மண் போய், காலடி திடீரென்று மெத்தென்று குளிர்ந்தது. அப்பாடா, இனிமேல் சுலபம் என்று நினைத்தேன். கருவியை நட்டு, தகட்டில் காலை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் அதில் இறக்கப் போனேன்.

“மிதிக்காதீங்க.”

கனகம் கத்தவில்லை. கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்னை மேலே ஏற்றிவிட்டு, தான் குனிந்து கையால் மண்ணை விலக்கினாள். ஆற்றுமணல். ஒரு சாணுக்குக் கீழே, கை மொத்தத்துக்குக் கறுப்பாக ஒரு கரண்டுக் கேபிள்.

“கரண்டு கேபிள் போட்டா சுத்தியும் மணல் கொட்டுவாங்க. இந்த ஊரு மண்ணுல மணல் ஏது? காலு மணலைத் தொட்டா கை நின்னுடணும். செருப்பு போட்டா காலுக்கு எப்படித் தெரியும்?”

சாதாரண மண்வெட்டி சாய்வாக விழும். மண்ணைச் சுரண்டித் தன் பக்கம் இழுக்கும். என்னுடையது ஆளின் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு செங்குத்தாகக் குத்தும். மூன்று மாதம் உட்கார்ந்து ஆளைக் கொல்லும் கருவி ஒன்றை வரைந்திருக்கிறேன். அதை பூட்ஸ் போட்ட ஃபிட்டர்களைக் கொண்டு சோதித்துவிட்டுக் கைதட்டியிருக்கிறேன். பூட்ஸ் இல்லாமல் எங்கள் யார்டுக்குள் யாரும் நுழைய முடியாது, அது சட்டம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதேன் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டால் கனகம் சொல்வாள்.

மத்தியானம் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். கனகம் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அகலம் சரியாத்தான் வெச்சிருக்கீங்க. ஒரு பாதம் போற அளவு. இந்தத் தகட்டை எடுத்துட்டு, கழுத்தை வளைச்சு, மம்பட்டி மாதிரி இழுக்கற மாதிரி பண்ணிட்டா?”

எப்போதும்போல் கோபம் வந்தது. இந்த முறை அது என் மேல்தான்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் பட்டறையில், அந்தப் பன்னிரண்டில் ஒரு கருவியின் தகடுகளை வெட்டி எடுத்து, கழுத்தைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தோம். கைப்பிடியைக் கனகத்தின் இடுப்பு உயரத்துக்குக் குறைத்தோம். மத்தியானம் அவளிடம் கொடுத்துவிட்டு வந்து முதலாளியின் அறைக் கதவைத் தட்டினேன்.

“சார், என் வரைபடத்துக்கு டை போட வேண்டாம். அது தப்பு. வேற ஒண்ணு பண்ணியிருக்கோம்.”

“கைக்கு, ஏன்? போன வாரம் வரைக்கும் அதுதானே உலகத்துலயே ஒசத்தி?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“மிச்சம் பதினொண்ணும் இனிமே யார் கைக்கும் போகக் கூடாது. ஆனா புதுசு ஒரே ஒரு பீஸ். யாரு வாங்குவான்னு இப்பவும் தெரியல. நாளைக்கு வர்றேன். அதுல எனக்கு நம்பிக்கை வரல்லேன்னா, இத்தோட முடிஞ்சுது.”

சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் காரைவிட்டு இறங்கியபோது கனகம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருவையே ஏசிக்கொண்டிருந்தாள். டீ குடிக்கப் போன நேரத்தில் புது மண்வெட்டியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புருஷோத்தமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்ப காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல?”

கனகம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அல்வால் பக்கமாக நடந்தாள், நாங்கள் பின்னால் ஓடினோம்.

திருப்பம் தாண்டி இன்னொரு கேங். பாலமூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண்கள். பள்ளத்துக்குள் ஒரு இளம்பெண் வெறுங்காலோடு நின்று என் மண்வெட்டியால் இழுத்துக்கொண்டிருந்தாள். கனகம் வாயைத் திறந்தாள். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்தார். மண் சின்னச் சின்னதாக, அளவாக வந்தது. கீழ்ப் பள்ளம் நூல் பிடித்ததுபோல் ஒடுக்கமாக நீண்டது. கரையில் இரண்டு பெண்கள் அடுத்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குமேல் கனகத்தால் அடக்க முடியவில்லை. “ஏய், அதி மாதி. இவ்வு.” அது எங்களுடையது, கொடு என்றாள்.

அந்தப் பெண் நிமிரக்கூட இல்லை. “இவ்வனு,” என்றாள். தரமாட்டாளாம்.

புருஷோத்தமன் சிரிக்க ஆரம்பித்தார். “ஹவ், ஹவ், சரிதான். யாரு வாங்குவான்னு கேட்டேன், இங்க திருடியே எடுக்கறாங்க. மைதிலி, திங்கக்கிழமை டை வேலைய ஆரம்பி.”

ஏழு வருடத்தில் என் வேலையை யாரும் இவ்வளவு மெச்சியதில்லை. அந்தத் திருடியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு. சந்தோஷத்தில் கண் கலங்கி நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, கனகம் பள்ளத்துக்குள் குதித்து மண்வெட்டியின் மறு முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.