முப்பத்தேழு முறை செத்தவரின் வீடு

"ஏட்டி, புருசன் செத்த பொறவும் இம்புட்டுப் பெரிய பொட்டு வச்சிருக்கியே, ஒங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரி அனுசியாவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டாள். தப்பு அனுசியாவின் மேல்தான். அந்தப் பெண் பாட்டுக்குப் போனில் சீரியல் பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் மாலை போட்ட போட்டோ ஒன்று வந்ததும் அனுசியாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இதுதான் எங்க வீட்டுக்காரரு" என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டாள்.

"அவியளுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காக. நேத்துக்கூட மீன் கொழம்புல புளி பத்தலன்னு சண்டை போட்டாக" என்று பிறகு அவசரமாகச் சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அனுசியாவின் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரன் மெட்ராசுக்குப் போனது சாவதற்காக அல்ல. மில்லில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நடிகனாகத்தான் போனார். முகம் அப்படி. அகன்ற நெற்றி, அடர்ந்த புருவம், நாலு ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் பார்வை. தெருவில் நடந்தால் தெரியாதவர்களும் ஒதுங்கி வழிவிடுவார்கள். குரல்தான் அந்த முகத்துக்குச் சம்பந்தமில்லாமல் வாய்த்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் வற்றி, பம்பு செட் வெறும் காற்றை இழுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அதுதான் அவர் குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாரா என்றால் அதுவும் இல்லை. தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுவார்.

முதல் படத்தில் கதாநாயகனின் அப்பா வேடம். ஐந்து காட்சிகள். முதல் நாள் முதல் வசனத்தை அவர் பேசி முடித்ததும், டைரக்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, "கதை ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே இவர் செத்துட்டாரு" என்றார்.

ஆனால் அந்த முகத்தை இழக்க டைரக்டருக்கு மனமில்லை. போட்டோவாக வைக்கலாம் என்றால் கண்ணாடியில் லைட் அடித்தது. அதனால் செட்டுச் சுவரில் ஓட்டை போட்டு, வெறும் மரச்சட்டத்தை அதில் பொருத்தி, பின்னால் லிங்கேஸ்வரனையே ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். சட்டத்தில் போட்ட மாலை அவருடைய கழுத்தை உரசியது. அவர் மூச்சை இழுத்துக் கட்டினார். கதாநாயகன் வந்து ஒன்றரை நிமிடம் அழுதுவிட்டுப் போனான். இவர் கண்கூட இமைக்கவில்லை. அன்றைக்கே அவருக்குத் தொழில் அமைந்துவிட்டது.

இருபத்தெட்டு வருடத்தில் முப்பத்துமூன்று படம், நாலு சீரியல். எல்லாவற்றிலும் செத்தவர்தான். தன்னைவிட ஆறு வயது மூத்த கதாநாயகனுக்கும் செத்துப்போன அப்பாவாக இருந்திருக்கிறார். ஒரு படத்தில் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்து, நடந்து, கண்ணோரம் போய்க் காலைத் தேய்த்துக்கொண்டபோதும் அசையவில்லையாம். யூனிட்டே கை தட்டியது என்று இன்றைக்கும் சொல்லுவார். மாலை கழுத்தில் பட்டால் மூச்சு நிற்கும். 'கட்' என்று காதில் விழுந்தால்தான் திரும்ப வரும். யோசித்துச் செய்வதில்லை. சூட்டில் கை பட்டால் இழுத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி.

அனுசியாவுக்கு இதில் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. ஷூட்டிங் முடிந்து ஊருக்கு வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம வருவாகளா? நீங்க எழவாவே இருந்துட்டு வாரீக" என்பாள்.

மகள் கார்த்திகாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை முத்துப்பாண்டி பேங்கில் வேலை பார்த்தான். அவனுடைய அப்பா ராக்கப்பன் கோயில் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். ஆனால் அந்த வீட்டில் சொல் செல்லுவது அம்மா கருத்தம்மாளுக்குத்தான். பெண் பார்க்க வந்த அன்று காபியைக் கூட முழுதாகக் குடிக்காமல், "பாப்போம்" என்று எழுந்தவள், வாசலில் வைத்துத்தான் கேட்டாள்.

"பொண்ணோட அப்பா என்ன பண்ணுதாக?"

"சினிமாவுல நடிக்காக" என்று சொல்லி, அனுசியா சீரியலின் பெயரையும் சொன்னாள்.

கருத்தம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "ஆரு, அந்தப் போட்டோவுல இருக்கவியளா?"

தினமும் ஏழரை மணிக்கு அந்தச் சீரியலின் நாயகி அப்பா போட்டோ முன்னால் நின்று கஷ்டத்தைச் சொல்லி அழுவாள். அப்போது கருத்தம்மாளும் தன் வீட்டில், டிவி முன்னால் நின்று, தன் கஷ்டத்தைச் சொல்லுவாளாம். "அவிய முகத்தப் பாத்துச் சொன்னா, ரெண்டு நாள்ல ஒரு வழி பொறந்துரும் மதினி. எங்க மூத்தவளுக்கு வீடு அமைஞ்சதே அவியளாலதான்" என்றாள். திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. வைக்காமல் போனால், போனதுதான்.

அன்றிலிருந்து அனுசியாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த அம்மாள் கும்பிடுவது முகத்தை. குரலைக் கேட்டால்?

வெள்ளிக்கிழமை காலையில், குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம் அனுசியா சொன்னாள். "இந்தாருங்க, பூ வைக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தொண்டை கட்டிருக்கு, டாக்டர் பேச வேண்டாம்னுட்டாருன்னு எங்க அண்ணன் சொல்லிக்கிடுவாரு."

"எம் மக விசேசத்துல நான் பேசக்கூடாதா?"

"பொறவு பேசுங்க. வருசம் பூராம் பேசுங்க."

"இருபத்தெட்டு வருசமா டைரக்டர்தான் வாய மூடச் சொன்னான். இப்ப நீயுமா?"

அறைக்குள் தலை பின்னிக்கொண்டிருந்த கார்த்திகா எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஒரு மணி நேரந்தாம்ப்பா. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு" என்றாள். அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டதே அதுதான் முதல் தடவை. லிங்கேஸ்வரன் மகளைப் பார்த்தார். உதட்டின் மேல் விரலை வைத்துத் தலையாட்டினார்.

பத்தரை மணிக்கு வேனில் வந்தார்கள். வாசலில் கும்பிட்டு நின்ற லிங்கேஸ்வரனைக் கண்டதும் கருத்தம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டாள். குனிந்து காலைத் தொடப் போனவளை ராக்கப்பன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அனுசியாவின் அண்ணன் வீரணன் தொண்டை சமாச்சாரத்தைச் சொன்னான். "அவிய என்னைக்குப் பேசிருக்காக? பேசாமலே அம்புட்டும் சொல்லிருவாகளே" என்று கருத்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நடு வீட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். லிங்கேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் புன்னகைத்தார். கார்த்திகா வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். மல்லிகைச் சரம் இருந்த தட்டைக் கருத்தம்மாள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அனுசியா உள்ளுக்குள் ஆண்டாளைக் கும்பிட்டாள். இன்னும் ரெண்டே நிமிடம்.

அப்போதுதான் ராக்கப்பன், "செத்த இரு" என்று எழுந்தார். கூடையிலிருந்து ஒரு மாலையை எடுத்தார். சம்பங்கியும் ரோஜாவுமாக, விடிவதற்கு முன்னே எழுந்து தன் கையாலேயே கட்டியது. "எம்புட்டோ பேருக்குக் கட்டிக் குடுத்துருக்கேன். சம்மந்திக்கு என் கையால நானே போடணும்" என்று சொல்லி, அதை லிங்கேஸ்வரனின் கழுத்தில் போட்டார்.

லிங்கேஸ்வரனின் மூச்சு நின்றது.

முதுகு நிமிர்ந்தது. முகத்திலிருந்த புன்னகை அடங்கி, உதட்டோரத்தில் ஒரு துளி மட்டும் மிஞ்சியது. கண் எதிர்ச் சுவருக்கும் அப்பால் எங்கேயோ போய் நின்றது. முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழரை மணிக்கு வரும் அதே முகம்.

கருத்தம்மாள் எழுந்துவிட்டாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது. "அய்யா! ஒங்ககிட்ட சொல்லாம நான் யாருகிட்ட சொல்லுவேன்" என்று ஆரம்பித்தவள், மகனுக்கு வரன் தட்டிப்போன கதையையும், போன வருசம் போய்ச் சேர்ந்த தன் அப்பனையும், கடைசி நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதையும் சொல்லி, குரல் உடைந்து அழுதாள். "ஒங்க மகள எம் மகளா வச்சுக் காப்பாத்துதேன் அய்யா! இது சத்தியம்!"

கூட வந்த பெண்கள் நாலு பேருக்கும் அந்த அழுகை தொற்றிக்கொண்டது. ஒருத்தி அழுது மற்றவள் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? சத்தம் தெருவுக்குக் கேட்டது. எதிர்க் கடை ஜமால் முகமது எட்டிப் பார்த்தார். பெண்கள் அழுகிறார்கள், லிங்கேஸ்வரன் மாலையோடு நாற்காலியில் அசையாமல் இருக்கிறார். தெருவில் ஒரு சாவு விழுந்தால் கடைக்காரர்கள் செய்வதை அவரும் செய்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்தார்.

"எப்பம்மா ஆச்சு? காலையிலகூட பேசிக்கிட்டே நின்னாரே!"

வீரணன் கிட்டே ஓடினான். மச்சானின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். காற்று வரவில்லை. "மச்சான்!" என்று அவன் அலறவும், கார்த்திகா "அப்பா!" என்று பாய்ந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள்.

மாலை பட்டதால் நின்ற மூச்சு இது என்று அந்த வீட்டில் அனுசியா ஒருத்திக்குத்தான் உறைத்தது. ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் மூச்சை விடுவார். மூச்சு விட்டதும் பேசுவார். மல்லிகை இன்னும் தட்டில்தான் இருந்தது. இரண்டு நிமிடம் வரைக்கும் அவரால் தாக்குப்பிடிக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியும். கருத்தம்மாள் இப்போது அழுகையை நிறுத்திவிட்டு ஒரு முழம் பூவை எடுத்து வைத்துவிட மாட்டாளா என்று பார்த்தாள். கருத்தம்மாள் மூக்கைச் சிந்தி, மறுபடியும் ஆரம்பித்தாள். அனுசியா மகளைப் பார்த்தாள். அவளுக்கு முகமே வெளுத்துப் போயிருந்தது.

"கட்" என்றாள் அனுசியா. அந்த அழுகையில் யார் காதிலும் விழவில்லை.

கல்யாணம் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் உரக்கப் பேசியதில்லை. இப்போது அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கட்!"

வீடு கப்சிப் என்று ஆனது. லிங்கேஸ்வரன் பெருமூச்சு விட்டார். இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினார். எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்து, அந்தக் காற்றை இழுக்கும் பம்பு செட் குரலில் கேட்டார்.

"ஓகேவா சார்? இன்னொரு டேக் வேணுமா?"

ஜமால் முகமது மெதுவாகப் பின்வாங்கி, ஷட்டரைத் தூக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு லிங்கேஸ்வரன் நிறுத்தவில்லை. "மன்னிச்சுக்கிடுங்க சம்மந்தி, மால பட்டா நமக்கு இப்படித்தான் ஆயிரும், ஒரு படத்துல ஈ ஒண்ணு மூக்குல வந்து உக்காந்து" என்று ஆரம்பித்து, ஈ கண்ணோரம் வரை போய்ச் சேரும்வரை பேசினார். ஒரு மணி நேரத்துக்கு அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அனுசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

ராக்கப்பன் மனைவியின் பக்கம் சாய்ந்து கேட்டார். "என்னட்டி சொல்லுத? பூ வைக்கவா, வேண்டாமா?"

கருத்தம்மாள் லிங்கேஸ்வரனைப் பார்க்கவில்லை. அவருடைய தலைக்கு மேலிருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சத்தியம் பண்ணிட்டேன். செத்தவிய முன்னால குடுத்த வாக்க மாத்துனா குடும்பத்துக்கு ஆகாது."

"செத்தவியளா? அவரு இங்கனதான உக்காந்து பேசிக்கிட்டிருக்காரு?"

"இவரு வேற. அவிய வேற."

மல்லிகைச் சரத்தை எடுத்துக் கார்த்திகாவின் தலையில் வைத்தாள். நெற்றியில் குங்குமம் இட்டாள். அவள் கன்னத்தைத் தடவி, தகப்பன் இல்லாத பிள்ளையை அணைப்பதுபோல் ஒரு தரம் மார்போடு சேர்த்துக்கொண்டாள். கார்த்திகா அழுதுகொண்டே சிரித்தாள். அனுசியாவுக்கு உயிர் வந்தது. காபி கொண்டுவரத் திரும்பினாள். அதற்குள் கருத்தம்மாள் வாசலுக்குப் போய்விட்டாள்.

லிங்கேஸ்வரன் மாலையோடு எழுந்து பின்னாலேயே ஓடினார். கையைக் கூப்பிக்கொண்டு, "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போகலாம்லா மதினி? சரி, போயிட்டு வாங்க!" என்றார்.

எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லுவதில்லை. கருத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல், ஒரு வார்த்தையும் பேசாமல் வேனில் ஏறிப் போனாள்.