பழத்தைக் காணோம்

காலையில் எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து வந்தேன். காபி போட்டேன். குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தினமும் காரை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன். எங்கும் போவதில்லை. கார் என் மனைவி வளர்மதியுடையது. அவள்தான் ஓட்டுவாள். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக ஓடவிடுகிறேன்.

அன்று உண்மையிலேயே போக வேண்டியிருந்தது. அன்று பார்த்து ஸ்டார்ட் ஆகவில்லை.

வளர்மதியின் தங்கை ரஞ்சனிக்குத் திண்டிவனத்தில் அரசு வேலைக்கான தேர்வு. மூன்று வருஷமாக அதற்குத்தான் படிக்கிறாள். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு அழுதாலும் திறக்க மாட்டார்கள். அன்று அமாவாசை. செஞ்சியில் உள்ள பஸ், வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் மேல்மலையனூர் பக்கம் திரும்பிவிடும் நாள். என் பைக்கை மாமனார் விடிவதற்குள் எடுத்துக்கொண்டு அங்கேதான் போயிருந்தார், ரஞ்சனி தேர்வை நல்லபடியாக எழுத வேண்டும் என்று அங்காளம்மனிடம் சொல்ல.

சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிந்தது. ஹாரன் அடித்தது. என்ஜின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிளட்ச் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே கெட்டியாகத்தான் இருக்கிறது. அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை.

பின்தெருவிலிருந்து மாமியார் மகாலட்சுமியும் ரஞ்சனியும் வந்து சேர்ந்தார்கள்.

"இன்னா மாப்ள, வண்டி சத்தத்தையே காணோம்?"

"ஸ்டார்ட் ஆவல அத்தை."

ரஞ்சனி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

எதிர்வீட்டு இளையபெருமாள் வாயில் பிரஷோடு வந்தார். டிராக்டர் வைத்திருப்பவர். "செல்ஃப் மோட்டாரு மாட்டிக்கினு இருக்கும். தட்டுனா பேசும்" என்று ஜாக்கி கம்பியால் என்ஜினுக்குள் எதையோ தட்டினார். பேசவில்லை. வேறொன்றைத் தட்டினார்.

"அண்ணே, அடிக்காதீங்க!" என்று போனை நீட்டியபடி ஓடி வந்தான் செந்தமிழன். தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். "பேட்டரி வீக்கு. வெளக்கு எரியறது வேற, செல்ஃப் இழுக்கறது வேற. இதோ இந்தாளு இந்தில சொல்றாரு பாருங்க."

"உனுக்கு இந்தி தெரியுமாடா?"

"கையக் காட்டிக் காட்டிச் சொல்றாரே, புரியாதா?"

டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து ஒயர் கொடுத்தார்கள். டேஷ்போர்டு விளக்குகள் முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தன. அவ்வளவுதான்.

"தள்ளிடலாம்" என்றார் இளையபெருமாள்.

கார் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. தள்ளினால் பின்பக்கம்தான் தள்ள முடியும். அத்தை காருக்குப் பின்னால் போய்க் கைகளை விரித்து நின்றுகொண்டார்.

"அமாவாச அன்னிக்கு, பரீட்சைக்குப் போற வண்டி, மொத அடியே பின்னாடி வெக்கறதா? வுட மாட்டேன்."

"ஸ்டார்ட் ஆனாலும் ரிவர்ஸ்லதாம்மா எடுக்கணும்!" என்றார் இளையபெருமாள்.

"அது வண்டி தானா வர்றது. நீ தள்றது வேற."

"மணி என்ன மாமா?" என்றாள் ரஞ்சனி. சொன்னேன். "சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்று புத்தகத்தை மூடினாள்.

அத்தை அவளைப் பார்க்க ஜன்னல் பக்கம் வந்தார். பார்வை உள்ளே இருந்த கண்ணாடிக்குப் போனது.

"மாப்ள, பழம் எங்க?"

ஒவ்வோர் அமாவாசைக்கும் ஓர் எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்து அந்தக் கண்ணாடியில் கட்டுவார். வெளியே கட்டினால் குரங்கு பிய்த்துக்கொண்டு போய்விடும். இப்போது கயிற்றில் மிளகாய் மட்டும் தொங்கியது.

"அதான் ஸ்டார்ட் ஆவல. பழத்தத் தேடுங்க."

இளையபெருமாள் பேஸ்ட் நுரையோடு சிரித்தார். "இது பெட்ரோல்ல ஓடுற வண்டியா, பழத்துல ஓடுற வண்டியா?"

"நீ அந்தத் தட்டு தட்டுனியே, ஓடுச்சா?"

"அம்மா, கத்தாத. நானே தேடித் தொலைக்கறேன்." ரஞ்சனி போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்தாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாள். பிறகு என் பக்கம். "மாமா, காலத் தூக்குங்க."

தூக்கினேன்.

கிளட்சுக்குப் பின்னால் பழம் இருந்தது. ஒரு மாதம் காய்ந்து, கறுத்து, கல்லாகியிருந்தது. இரவில் கயிற்றிலிருந்து கழன்று உருண்டிருக்க வேண்டும். இந்தக் காரில் கிளட்சை அடிவரை மிதித்தால்தான் ஸ்டார்ட் எடுக்கும். பழம் முட்டுக்கொடுத்து அடிவரை போகவிடாமல் வைத்திருந்தது.

எடுத்தாள். மிதித்தேன். சாவியைத் திருப்பினேன். கார் உடனே உறுமியது.

செந்தமிழன் வீடியோவை நிறுத்தினான். இளையபெருமாள் துப்புவதற்காக அந்தப் பக்கம் போனார்.

"நான் இன்னா சொன்னேன்?" என்றார் அத்தை.

அவர் பழத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, திரும்பவும் கண்ணாடியில் கட்ட வந்தார். ரஞ்சனி கதவை இழுத்துச் சாத்தினாள்.

திண்டிவனம் வரை அவள் இல்லாத ஆக்சிலரேட்டரைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தாள். நாங்கள் போனபோது காவலாளி தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார். கார் நிற்பதற்குள் இறங்கி ஓடி, அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள். கேட் மூடியது. கம்பிக்கு அந்தப் பக்கம் மூச்சிரைக்க நின்று என்னைப் பார்த்தாள்.

"மாமா! அக்கா இருந்தா இப்ப இன்னா சொல்லியிருக்கும்?"

"உள்ள போம்மா, பெல் அடிக்கப் போறாங்க" என்று காவலாளி விரட்டினார். போனாள்.

இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்னதுதான் தெரியும். ஸ்ட்ரெச்சரில் வைத்து ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினாள். நர்ஸ் அதட்டினார். முக்கியமான எதையோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"வண்டிய வெயில்லயா வுட்ட? போய் நெழல்ல போடு. சீட்டு சுடும்."