உறுப்பினர் லுசியானோ பெரால்தா

உறுப்பினர் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் தம்பி நெஸ்தோர் ஆஸ்பத்திரிப் படிகளில் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது, வாயெல்லாம் பல். "அக்கா, கிடைச்சிருச்சு! மை கூட காயல, பாரு!" என்றான். நான் வழியை மறித்து நின்றேன். அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை அதற்குள் போய்விட்டிருந்தது.

எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் அப்பன்காரன் முதலில் கிளப்புக்குத்தான் ஓடுவான். அரசாங்கப் பதிவெல்லாம் அப்புறம். ரயில் பட்டறைத் தொழிலாளிகள் ஆரம்பித்த கால்பந்து கிளப் அது. தலைநகர் புவனோஸ் ஐரிஸில் உட்கார்ந்துகொண்டு எவனோ பட்டறையை இழுத்து மூடிவிட்டான். தண்டவாளத்தில் இப்போது குதிரை மேய்கிறது. கிளப் மட்டும் நிற்கிறது. வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை, "பட்டறை" என்போம். சொல்லிக்கொள்ள எங்களிடம் வேறு என்ன எழவு இருக்கிறது? அப்பாவைப் புதைத்தபோது பெட்டிமேல் சிலுவை வைக்க மறந்துவிட்டோம், பச்சை வெள்ளைக் கொடியைப் போர்த்த மறக்கவில்லை.

நெஸ்தோர் அன்று பெருமையடிக்கப் போகவில்லை. இதை யார் முன்னாலும் சொல்வேன். லுசியானோ நீலம் பாரித்துப் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வேறு ஊர்க்காரனாக இருந்தால் மாதா கோயிலுக்கு ஓடியிருப்பான். இவன் என் காதருகே வந்து, "உறுப்பினர் ஆயிட்டான்னா உசுரப் புடிச்சுக்குவான்க்கா. பட்டறைக்காரன் லேசுல விட மாட்டான்" என்றான். கிறுக்கன். ஆனால் எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

கட்டிலில் கிடந்த அவன் பெண்டாட்டி நோர்மா அவன் கையைப் பிடித்தாள். "போகாத, நெஸ்தோர். எனக்குப் பயமா இருக்கு."

"இந்தா, கிளப்புக்குப் போன கையோட வந்துருவேன்" என்று கையை உருவிக்கொண்டு போனான்.

கடைசியில் நர்ஸ் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஏன் கொடுக்கிறாள் என்று எங்கள் இருவருக்குமே புரிந்தது. நான் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டேன். குழந்தைக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகு நோர்மா புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. பெண்கள் கறிப் பூரணம் வைத்து எம்பனாடா சுட்டுக் கொண்டுவந்தார்கள், உண்மையாகவே அழுதார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவன் வந்துருவான், வந்துருவான்னு வாசலயே பாத்துட்டு இருந்தேன், தெல்மா. புள்ள மொகத்தப் பாக்க வேண்டிய நேரம் அது. இப்ப கண்ண மூடுனா அந்தக் கதவுதான் தெரியுது."

மிச்சமிருந்த எம்பனாடாக்களைத் துணி போட்டு மூடி வைத்தேன்.

கிளப் தலைவர் குண்டு ஒர்த்தேகா நெஸ்தோரின் தோளில் கைபோட்டு, "ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு முன்னாடி பேரக் கூப்பிடுறோம்டா. நம்ம பய இல்லையா?" என்றார். உறுப்பினர் யார் இறந்தாலும் ஒலிபெருக்கியில் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். மைதானமே எழுந்து நின்று பதில் சொல்லும். அப்பாவுக்கும் அப்படித்தான். நெஸ்தோர் உடைந்து அழுதான். பிறகு என்னிடம் வந்து நின்றான். "நோர்மா வரணும்க்கா. அவ காதால கேட்டான்னா போதும். நான் எதுக்குப் போனேன்னு அவளுக்குப் புரியும். நீ சொன்னா வருவா."

சொன்னேன். நோர்மா, "வர்றேன்" என்றாள். அவ்வளவுதான், தம்பி முகத்தை மழித்துக்கொண்டு சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான். எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற இறைச்சி ஆலைக்காரர்களின் கிளப்போடு ஆட்டம். சிமெண்டுப் படிகளில் எங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நோர்மா கறுப்புக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெஸ்தோர் கீழே கம்பிவேலியோரம், முரசுக்காரர்கள் நடுவில் நின்றான். பின்னால் எவனோ நடுவரின் அம்மாவை இழுத்துத் திட்ட, "வாய மூடுடா, கழுத, பேரு கூப்பிடப் போறாங்க" என்று அடக்கினார்கள். ஆலைக்காரர்கள் கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். எதிரி என்றாலும் மனுஷர்கள்தானே.

"உறுப்பினர் லுசியானோ பெரால்தா!"

"இருக்கான்!"

எல்லாரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். நினைத்துக் கத்தவில்லை, பிறந்ததிலிருந்து பழகிய வாய். படிகள் அதிர்ந்தன. நோர்மா திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

"உறுப்பினர் லுசியானோ பெரால்தா!"

"இருக்கான்!"

"எங்க?" என்றாள் நோர்மா.

கத்தவில்லை. பக்கத்து வீட்டில் ஆளைத் தேடி வந்தவள் கேட்பதுபோலத்தான் கேட்டாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. மூன்றாவது தடவை பெயரைக் கூப்பிட்டபோது என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். மற்ற எல்லோரும் முன்னைவிடப் பலமாகக் கத்தினார்கள். கிழவர்கள் கத்தினார்கள், போலீஸ்காரன் கத்தினான், நிலக்கடலை விற்கிறவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான். இந்த ஊரில் பிறந்ததற்காக முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

நோர்மா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். சாம்பல் நிற ரவிக்கையில், இரண்டு பக்கமும், பால் கசிந்து நனைந்துகொண்டிருந்தது. நான் அவசரமாகக் கோட்டை எடுத்து மூடப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

கீழே நெஸ்தோர் திரும்பி எங்களைத் தேடினான். கண்டுபிடித்துவிட்டான். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, படம் ஒட்ட விட்டிருந்த வெற்றுக் கட்டம் எங்களுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினான். ஆட்டம் தொடங்க விசில் ஊதினார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நோர்மா மட்டும் எழுந்து, ஈர ரவிக்கையோடு, அவன் பார்க்கும்படி நின்றாள்.