நான் கையில் கொடுத்தது

என் டூரில் ஒரே ஒரு சட்டம்தான். நான் கையில் கொடுப்பதை யோசிக்காமல் வாயில் போட வேண்டும். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே இதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன். வெளிநாட்டுக்காரர்கள் எதை நீட்டினாலும் முகர்ந்து பார்ப்பார்கள், கடைக்காரர் முகம் சுருங்கிவிடும். அதற்காகப் போட்ட சட்டம் இது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை வந்தவர்கள் இரண்டே பேர். நார்வேக்காரர் ஆர்னேவுக்கு எழுபது வயதிருக்கும். கூட அவர் மனைவி சிக்ரிட். ஆர்னே என் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். கோவைக்காய், மாங்காய் இஞ்சி, நெல்லிக்காய் எல்லாம் மறுபேச்சில்லாமல் உள்ளே போயின. இப்படி ஒரு ஆள் தினமும் வந்தால் தேவலை என்று நினைத்தேன்.

வானமாமலை அண்ணாச்சி கடையில் சேனைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இளஞ்சிவப்பு. நிறத்தைப் பார்க்கட்டுமே என்று ஒரு துண்டை ஆர்னே கையில் வைத்துவிட்டு, அண்ணாச்சியிடம் ரெண்டு வார்த்தை பேசத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் கை காலி. மென்றுகொண்டிருந்தார்.

பச்சைச் சேனை! தோல் சீவினாலே கை அரிக்கும்.

"துப்புங்க! துப்புங்க!" என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழில் கத்தினால் அவருக்கு எப்படிப் புரியும்? விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கை தொண்டைக்குப் போனது. முகம் சிவந்து, உதடு தடித்து, மூச்சு விசிலடித்தது.

"அண்ணாச்சி, செத்துருவாரோ?"

"ஏட்டி மாரி, பயப்படாத. சேனை காறத்தான் செய்யும். புளியைக் குடு, அடங்கிரும். நான் டாக்டரை கூட்டிட்டு வாரேன்" என்று ஓடினார்.

பக்கத்துக் கடையில் புளி வாங்கி நீட்டினேன். சிக்ரிட் என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ கொடுத்ததைத்தானே தின்றார்! இன்னும் என்ன கொடுக்கப்போகிறாய்?"

எனக்கே நிச்சயமில்லை. வீட்டில் சேனை வேகும்போது புளி போடுவோம், அவ்வளவுதான் தெரியும். மனிதனின் தொண்டைக்குள் அது கேட்குமா? ஆர்னேயின் விசில் மெலிந்துகொண்டே போனது.

பலகையிலிருந்து ஒரு சேனைத் துண்டை எடுத்து, இருவர் கண்ணெதிரே மென்று விழுங்கினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு முழுக்க ஊசி. தொண்டை இறுகியது. உடனே புளியை வாயில் போட்டிருக்கலாம். போடவில்லை. என் உதடு தடிப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். கண்ணீர் ஒழுக, மனதுக்குள் பத்து எண்ணினேன். அப்புறம் புளியை வாயில் அடக்கிக்கொண்டேன். போதாதோ என்று பயந்தேன். மெல்ல மெல்ல ஊசி குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அவர்களுக்குக் கேட்கும்படி மூச்சை இழுத்துவிட்டேன்.

ஆர்னே மனைவியின் கையை விலக்கினார். புளிக்காக என் முன் வாயைத் திறந்தார்.

டாக்டர் வந்தபோது விசில் நின்று மூச்சு சீராகியிருந்தது. ஊசி போட்டு, கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது, காலையில் நான் கொடுத்த நெல்லிக்காயில் மிச்சமிருந்த ஒன்றை சிக்ரிட் பையிலிருந்து எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்தார்.

"முதலில் நீ."

யோசித்துத்தான் வாயில் போட்டேன்.