தவராசா விழுங்கிய குளிசைகள்

ஞானாம்பிகைக்கு வயிற்றில் ஒப்பரேசன் என்ற செய்தி இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழர்களிடையே பரவியபோது, அவளுக்காகக் கவலைப்பட்டவர்களைவிட அவளைத் திட்டியவர்களே அதிகம். உடம்பைக் குறைக்க ஒருத்தி வயிற்றை வெட்டுவாளா என்றார்கள். வாயைக் கட்டினால் போதாதா என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் கையில் எண்ணெயில் பொரித்த ரோல்ஸை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் வாயைக் கட்டாதவள் அல்ல. முருகனுக்கு விரதம், அம்மனுக்கு விரதம், அதற்கு மேல் உடம்புக்கென்று ஒரு விரதம் என்று வருடத்தில் பாதி நாள் பட்டினி கிடந்தவள். அப்படியும் நிறை ஏறியதே தவிர இறங்கவில்லை. முழங்கால் போயிற்று. சீனி வருத்தம் வந்தது. லிபெர்த்தாத் தெருவில் அவள் வேலை செய்த வீட்டுப் படிகளில் தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை நடந்த சங்கதி. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் பூசை. எல்லோரையும்போல அவளும் நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். தீபம் காட்டும் நேரம் எழும்ப முடியவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுத்த வெள்ளியிலிருந்து கடைசி வரிசையில், கிழவர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் கதிரையில் அவளும் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

வேலை வீட்டு எசமானி சிஞ்ஞோரா அமாலியாதான் அந்த வைத்தியரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். இரைப்பையைச் சிறிதாக்கி, குடலில் சாப்பாடு போகும் பாதையைக் குறுக்கிவிடும் ஒப்பரேசன் அது. கணவன் தவராசா அதைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினான். "கத்தி வைச்சா நீர் திரும்பி வரமாட்டீர்" என்றான். கெஞ்சினான், கத்தினான், கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டான். அவள் ஒருவருக்கும் மசியவில்லை. தானே கையெழுத்து வைத்தாள்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஒரு வருடத்தில் பாதி உடம்பு கரைந்தது. சீனி வருத்தம் அடங்கியது. மறுபடி மண்டபத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள், கையை ஊன்றாமல் எழும்பினாள். எழும்பியவள் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சந்தோசத்தில் அழுதாள். திட்டிய பெண்களே இப்போது இரகசியமாக வந்து அந்த வைத்தியரின் பெயரைக் கேட்டார்கள். அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. வரத்தானே செய்யும்.

ஒரு விசயத்தை மட்டும் வைத்தியர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இனிச் சாப்பாட்டிலுள்ள சத்தை அவளுடைய குடல் முழுதாக எடுக்காது. அதனால் இரும்புக் குளிசை, சுண்ணாம்புக் கட்டிபோன்ற கல்சியக் குளிசை, மஞ்சள் நிற விற்றமின் குளிசை மூன்றையும் ஒவ்வொரு நாளும் விழுங்கவேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டாள். உயிரோடு இருக்கும்வரை என்றார். அவளும் தலையாட்டிவிட்டு, ஒரு வருடம் ஒழுங்காக விழுங்கினாள்.

பிறகு ஒரு கலியாண வீட்டில், சாப்பிட்டு முடித்துக் கைப்பையிலிருந்து குளிசையை எடுத்தவளின் கையை அற்புதமலர் பிடித்துக்கொண்டாள். அற்புதமலருக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும்.

"இதென்ன ஞானம், வருத்தம் மாறின பிறகும் குளிசை?"

"சத்துக் குளிசை மலரக்கா. விற்றமின்."

"உமக்கென்ன விசரே? ஊரிலை மெலிஞ்ச பெட்டையளுக்குக் கலியாணம் பேசேக்கை உடம்பு வைக்கட்டும் எண்டெல்லோ இதைக் குடுக்கிறவை! குடலை வெட்டிக் குறைச்சதைக் குளிசை போட்டு ஏத்தப் போறீரே?"

அந்தக் கேள்வி ஞானாம்பிகையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உண்மைதானே? சத்து என்றால் உடம்பு வைப்பது. நமக்கெல்லாம் பிறந்த நாள் முதல் தெரிந்த கணக்கு அது. அவளையே பெண் பார்க்க வருமுன், ஒல்லிப்பிச்சானாக இருக்கிறாள் என்று இரண்டு மாதம் சத்துக் குளிசை கொடுத்தவர்கள்தானே? அன்று தொடங்கிய உடம்பு பிறகு நின்றதா? அந்த வாரமே தராசில் ஒரு கிலோ கூடக் காட்டியது. கலியாண வீட்டு லட்டு தன் வேலையைக் காட்டியிருக்கும். அவள் பழியைக் குளிசையின் தலையில் போட்டாள்.

வைத்தியர் எழுதிய சீட்டுக்கு மாதாமாதம் வாங்கும் குளிசைகளை எறியவும் அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் நல்லதெல்லாம் யாருக்குப் போகிறதோ, அவனுக்கே இதுவும் போயிற்று. பிரான்காச்சோவில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்யும் தவராசா, காற்றடித்தால் சாய்கிற உடம்புக்காரன். காலையில் அவன் தட்டோரத்தில் மூன்று குளிசைகளையும் வைத்தாள்.

"இதென்ன?"

"சத்துக் குளிசை. பட்டறையிலை மாடு மாதிரி முறியிறியள். விழுங்குங்கோ."

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். ஒப்பரேசன் சண்டைக்குப் பிறகு அவர்களுக்கிடையில் பழைய பேச்சுவார்த்தை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. விழுங்கினான். அடுத்த நாளும் விழுங்கினான். மாதக்கணக்கில் விழுங்கினான். கன்னம் உப்பியது. சின்னத் தொந்தி ஒன்றும் எட்டிப்பார்த்தது. அவள் தின்ன முடியாமல் மிச்சம் விடும் சோற்றையும் கறியையும் அவனே வழித்துத் தின்றதால் வந்த தொந்தி அது. அவளோ அதைப் பார்த்து, நல்லகாலம் தப்பினேன் என்று நெஞ்சில் கை வைத்தாள்.

தொண்ணூற்றேழு பிறந்ததும் அவளுடைய தலைமயிர் கொட்டத் தொடங்கியது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு எறும்பும் போய், மரத்துப்போனது. ஒருநாள் லிபெர்த்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். பழக்கடைக்காரன் ஒருவன், "சிஞ்ஞோரா! உங்கள் சப்பாத்து!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். குனிந்து பார்த்தாள். ஒரு காலில் சப்பாத்து இல்லை. கழன்று விழுந்ததும் தெரியவில்லை, குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. அவனுக்குச் சிரித்து நன்றி சொன்னவள், தெருமூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைக் கிள்ளிப் பார்த்தாள்.

ஒப்பரேசன் பிழையாகப் போய்விட்டது என்று முடிவு செய்தாள். எங்கேயோ ஒரு நரம்பை வெட்டிவிட்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? எல்லோரும் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்தும் தன்பாட்டில் கையெழுத்து வைத்தவள் அவள். வாயைத் திறந்தால் பலெர்மோ முழுக்க, 'நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்' என்று பாடும். தவராசா முதல் ஆளாகப் பாடுவான். எனவே மூச்சு விடவில்லை. வைத்தியரிடம் போகவேண்டிய நாட்களையும் ஏதேதோ சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்தாள்.

சமையலறைச் சுவரைத் தடவித் தடவி நடப்பவளைச் சிஞ்ஞோரா அமாலியா எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? அவளைக் கேட்காமலே வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். ஞானாம்பிகை சோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். அடுத்த வாரம் முடிவைக் கேட்கப் போகும்போது, படியில் கால் தடுக்கும் என்று, சிஞ்ஞோரா சொல்லி விசயம் அறிந்த தவராசாவும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

வைத்தியர் இரத்த முடிவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி முடிவைப் பார்த்தார்.

"குளிசைகளை எடுக்கிறீர்கள்தானே?"

"எடுக்கிறேன், டொத்தோரே."

"மூன்றையும்? ஒவ்வொரு நாளும்?"

"ஒவ்வொரு நாளும்."

பொய் சொல்வதற்கு அவளுடைய இத்தாலியன் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியென்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இவ்வளவு குளிசை எடுத்தும் இரத்தத்தில் சத்து இல்லை என்றால், நாங்கள் விட்டுவைத்த குடல் உங்களுக்குப் போதாது. மறுபடி திறந்து, எல்லாவற்றையும் பழையபடி இணைக்கவேண்டும். தள்ளிப்போட்டால் கால் போய்விடும்."

"பழையபடி என்றால்?"

"பழைய குடல். உடம்பும் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். என்னை மன்னியுங்கள்."

ஞானாம்பிகை மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால் உடம்பு போகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். அதுவும் யார் முன்னால்? பக்கத்தில், தன் தொந்தியின் மேல் கையைக் கட்டிக்கொண்டு, பேச்சில் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் உட்கார்ந்திருந்த இந்த மனிசன் முன்னால். அந்தப் பிளாஸ்டிக் கதிரை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் விழுங்கவில்லை, டொத்தோரே" என்றாள்.

"என்ன?"

"எட்டு மாதமாக ஒன்றுகூட விழுங்கவில்லை."

"என் சீட்டுக்குப் பெட்டிகளை வாங்கியிருக்கிறீர்களே! அவற்றை யார் விழுங்கியது?"

அவள் தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பினாள். வைத்தியரும் திரும்பினார். அவருடைய கண் தவராசாவின் கன்னத்திலிருந்து மெதுவாக இறங்கித் தொந்தியில் வந்து நின்றது. தவராசாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

ஏன் என்று வைத்தியர் கேட்டார். சத்து உடம்பு வைக்கும் என்று பயந்தேன் என்றாள். வைத்தியர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கோபமா நிம்மதியா என்று அவருக்கே தெரிந்திருக்காது. விற்றமினில் ஒரு துளி கொழுப்பும் இல்லை, ஒரு பிடி சோற்றின் பலமும் இல்லை, அது யாரையும் பருக்கவைக்காது என்றார். "நீங்கள் இவ்வளவு நாளும் பட்டினி போட்டது உங்கள் நரம்புகளை!" என்று கத்தினார். கத்தி முடித்தபின் குரல் இறங்கியது. இனி வெட்டத் தேவையில்லை. சில வாரம் ஊசி போடவேண்டும், குளிசைகளைக் கூட்டவேண்டும். காலில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பும், முழுதாகத் திரும்புமா என்பதற்கு மட்டும் உறுதி தரமுடியாது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று தவராசாவையும் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, மருந்துக் கடையில் குளிசைகளையும் வாங்கிக்கொண்டு, இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவன் அவளுடைய கையை விடவில்லை. அந்தப் பாட்டு எப்போது தொடங்கும் என்று அவள் காத்திருந்தாள்.

"பட்டறையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றான் தவராசா கடைசியில்.

"என்னத்தை?"

"மனுசி எனக்கெண்டு சத்துக் குளிசை வாங்கித் தாறா எண்டு. சண்டை பிடிச்ச கோவமெல்லாம் உமக்கு ஆறிப்போச்செண்டு நினைச்சன். சுண்ணாம்புக் கட்டி மாதிரி அந்தக் குளிசை தொண்டையிலை இறங்கவே இறங்காது. அந்த நினைப்பிலைதான் அதையும் விழுங்கினனான்."

அவளுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. "பேசுங்கோ, நல்லாப் பேசுங்கோ" என்றாள். "அப்பவே சொன்னனான் எண்டும் சொல்லுங்கோ."

"அதைச் சொல்லேல்லை." அவன் நின்றான். "திருப்பித் திறந்து பழையபடி தைக்கிறன் எண்டவரெல்லோ அந்தாள்?"

"ஓம்."

"நான் விட்டிருக்க மாட்டன்."

"நீங்களோ? வேண்டாம் எண்டு தட்டைத் தள்ளினவர் நீங்கள்தானே?"

"அது நீர் மேசையிலையே செத்துப்போவீர் எண்ட பயம். வேறை ஒண்டுமில்லை. எனக்கு உம்மை எந்த உடம்பிலையும் பிடிக்கும், ஆனா உமக்கு உம்மைப் பிடிக்கேல்லை. இப்பத்தான் கண்ணாடியைப் பாத்துச் சிரிக்கிறீர். அதைப் பறிக்க நான் விடுவனோ? கையெழுத்து வைக்க வேண்டாமெண்டு அங்கையே குழறியிருப்பன்."

தெருவென்றும் பாராமல் ஞானாம்பிகை அழுதாள். இரண்டு வருடமாக இந்த மனிசன் மனதுக்குள் தன்னைப் பழிக்கிறான் என்றே நினைத்திருந்தாள். அதற்காகவே கால் மரத்ததைக்கூட மறைத்து வைத்திருந்தாள். அவன் ஆறுதல் சொல்லத் தெரியாமல், பக்கத்துக் கோப்பிப் பாரில் ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கி வந்து, பெட்டியைப் பிரித்தான்.

"எந்த நிறம் முதல்?"

"எட்டு மாசம் விழுங்கினது நீங்கள். உங்களுக்குத்தானே தெரியும்."

அவன் சிரித்துவிட்டான். மஞ்சளை எடுத்து அவள் கையில் வைத்தான். மண்டபத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பம் ஒன்று பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று ஞானாம்பிகை அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.