காய்ந்த களி

வேல்ராஜுக்குத் தெரியாத பாதை இராமநாதபுரத்துச் சிக்கல் வட்டாரத்தில் கிடையாது. இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கமாட்டார்; அவரே சொல்லிவிடுவார். எந்தக் கண்மாய்க் கரையில் முள் குறைவு, எந்த ஊருணியில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்தத் தோட்டத்தில் நாய் கடிக்கும், எல்லாம் மனப்பாடம். மூன்று வருசம் மிளகாய் போட்டு வானத்தைப் பார்த்து ஏமாந்த மனிதர். மதுரையிலிருந்து நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்தார்.

நடக்க வருகிறவர்கள் என்றால் வேண்டுதலுக்கு நடக்கிறவர்கள் அல்ல. நடப்பதற்காகவே நடக்கிறவர்கள். அகமது கபீர் என்பவர் மாசி, பங்குனியில் ஏழெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு வருவார். விடியுமுன் கிளம்பி கருவேலங்காடு, வறண்ட கண்மாய், பனங்காடு என்று நடந்து, மாரியூர்க் கடலில் காலை நனைத்துவிட்டு வேன் ஏறிப் போவார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று ஊர் சிரித்தது. வேல்ராஜின் மனைவி ராமலெட்சுமியும் முதலில் சிரித்தாள். பிறகு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாய்க் கூடவே நடந்தாள். இராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் துர்காதேவி, "இந்த வயசுல ரெண்டு பேரும் சோடி போட்டுத் திரியுறீக" என்று போனில் கேலி பண்ணுவாள்.

வேல்ராஜுக்கு ஒரே ஒரு குறை. பனங்காடு வரைக்கும்தான் அவர் ராச்சியம். அங்கிருந்து கடல் வரைக்கும், கடற்பாசி எடுக்கும் முத்தழகு என்ற மாரியூர்ப் பெண் கூட்டிப்போவாள். போன தடவை வந்தவர்களில் யாரோ, கடற்கரைதான் அழகு, உள்பக்கம் வெறும் முள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாசம் மாரியூரிலேயே தொடங்கினால் என்ன என்று கபீரும் யோசித்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து வேல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவையாவது கடல் வரைக்கும் தானே கொண்டுபோய் நிறுத்திக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பாதையும் போச்சு, பேரும் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நாள் பங்குனியில் வந்தது. பனங்காட்டை எட்டும்போது மணி ஒன்பதரை. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரோடு அங்கே நிற்கவேண்டிய முத்தழகைக் காணோம். நடந்து வந்த ஆறு பேரும் கொஞ்சம் தள்ளி ஒரு பனை நிழலில் சாய்ந்தார்கள். வேல்ராஜின் போன் அடித்தது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு வள்ளம் இப்பத்தான் கரைக்கு வந்துச்சு. கைய விட முடியலை. அரை மணி நேரத்துல வாரேன், அங்கனயே நெழல்ல இருங்க. தெக்க களி கெடக்கு, அதுல மட்டும் எறங்கிராதீக."

"சரிம்மா" என்று போனை வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் ராமலெட்சுமி.

"வர நேரமாகுமாம். களி கெடக்காம், எறங்கக் கூடாதாம். பயமுறுத்துறா நம்மள."

தெற்கே பார்த்தார். பரந்த பொட்டல், சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைத் தாண்டி மாரியூர் வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. குறுக்கே போனால் கால்மணி நேரம், சுற்றிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். களி என்றால் வேல்ராஜுக்கு ஒன்றுதான் அர்த்தம்: களிமண். ஐப்பசி, கார்த்திகையில் மாட்டின் காலையே பிடித்து மடக்கும். தை பிறந்தால் வெடிக்கும். பங்குனியில் கடப்பாறை இறங்காது. வெடித்த மண் ஆளைத் தாங்கும் என்பது அவர் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அப்போதுதான் கவிப்ரியா என்ற பெண் வாந்தி எடுத்தாள். கண் சொருகியது. கேனில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் இருந்தது. அதை அவள் முகத்தில் தெளித்துவிட்டு, "அண்ணே, என்ன செய்யலாம்?" என்று கபீர் கேட்டார். வேல்ராஜ் காத்திருந்த கேள்வி அது.

"இந்தாத் தெரியுது ஊரு. லெட்சுமி, நீ குறுக்க போயி தண்ணி வாங்கிட்டு வந்துரு. இந்தப் புள்ளை தெளிஞ்சதும் எல்லாருமே அந்த வழியா எறங்கிருவோம்."

ராமலெட்சுமி பொட்டலையும் அவரையும் பார்த்தாள். "களின்னு சொல்லுச்சே முத்தழகு. என்னன்னு கேட்டுக்கிட்டாத் தேவலை."

அந்த ஆறு பேருக்கும் கேட்கும்படி வேல்ராஜ் சிரித்தார். "பொறந்ததுலருந்து களியிலயே கெடக்கவ நீ, களியப் பாத்துப் பயப்படுறியே. கடக்கரைக்காரி சொல்லித்தான் எனக்கு மண்ணு தெரியணுமா? போடி, போ."

நாலு பேர் முன்னால் இப்படிப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மண் தாங்கியது. இருநூறு அடி போகும்வரை நன்றாகவே தாங்கியது. பார்த்தாயா என்று வேல்ராஜ் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவள் என்னவோ கேட்கப்போவதுபோல் திரும்பினாள். திரும்பின காலடியில் மேல்மண் ஓடுபோல் உடைந்தது. அடுத்த நொடி அங்கே ஆள் இல்லை.

வேல்ராஜ் ஓடினார். அவள் மறைந்த இடத்தை நெருங்கும்போது அவர் காலடியும் உடைந்து நெஞ்சுவரை இறங்கினார். கையால் துழாவி, புரண்டு, நீந்துவதுபோல் முன்னால் போனார். சேலை முந்தானை கையில் சிக்கியது. இழுத்தார். முந்தானைதான் வந்தது. "லெட்சுமி, கையக் குடு" என்று சேற்றைப் பார்த்துச் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கபீரும் இன்னொருவரும் மண் தாங்கிய இடம்வரை வந்து, தோள்பைகளின் வாரைக் கோத்து வீசி அவரைத்தான் கரைக்கு இழுக்க முடிந்தது.

மாரியூர் ஆட்கள் பலகையும் கயிறும் கொண்டு வந்து, பலகைமேல் படுத்துக்கொண்டே போய் அவளை வெளியே எடுக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. எடுத்தவர்களில் ஒருவர், "களியில யாரு எறங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"காஞ்சு கெடந்துச்சே. வெடிச்சுல்ல கெடந்துச்சு" என்றார் வேல்ராஜ்.

"காயுற களி ஒங்க ஊருல. இது கடத்தண்ணி ஏறுற களி. மேல ஒரு சாண்தான் ஓடு. அடியில ஆள் மட்டத்துக்குத் தண்ணியும் சகதியும்."

அவர் சொன்னது கழி. உப்பங்கழி. எழுத்தில் வேறு, அந்தச் சீமை வாயில் இரண்டும் ஒன்றுதான். கடலிலிருந்து ஐந்து மணி நேர நடையில் ஐம்பத்து மூன்று வருசம் வாழ்ந்தும் இப்படி ஒரு களி இருப்பதை வேல்ராஜ் அன்றுதான் கேட்டார்.

சாயங்காலம் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். துர்காதேவி அழுது ஓய்ந்து, அய்யா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் காதோரம் காய்ந்திருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். முத்தழகும் வந்திருந்தாள். வராமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். ராமலெட்சுமியின் தம்பி மாரிச்செல்வம் நேரே அவள்முன் போய் நின்றான்.

"வழி காட்டுறேன்னு பேரு. சொன்ன நேரத்துக்கும் வரலை. களி கெடக்கு, எறங்காதீகன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லக் கூடாதா? எங்கக்காவைக் கொன்னுட்டியேடி."

"சொன்னேனே" என்றாள் முத்தழகு. "சொன்னேன்ல அண்ணே?"

எல்லோரும் வேல்ராஜைப் பார்த்தார்கள். அந்தப் போனில் பேசியது அவர்கள் இருவர் மட்டும். பனங்காட்டில் அவர் சிரித்ததைக் கேட்டவர்கள் கவிப்ரியாவோடு மதுரைக்கு வேன் ஏறிவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட மூன்றாவது ஆள் கதவுக்குப் பின்னால் கிடந்தாள். பேசாமல் இருந்தால் போதும். ஊர் முத்தழகை வைது தீர்க்கும்; அவரைப் பாவம் என்று சொல்லும்; வழி தெரிந்தவர் என்ற பேரும் அப்படியே இருக்கும். மாரிச்செல்வம் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் எதிர்க்கவில்லை. வேல்ராஜுக்கு அவ்வளவு கேவலமான ஆசை வந்தது, இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று.

"விடுடா அவளை" என்றார். "சொன்னா. எறங்காதீகன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கலை."

துர்காதேவியின் கை அவர் காதோரத்திலேயே நின்றது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். கேட்டுக்கிட்டுப் போவோம்னு சொன்னா."

"நீங்க என்ன சொன்னீக?"

சொன்னார். சிரித்ததையும், யார் யார் முன்னால் சிரித்தார் என்பதையும் விடாமல் சொன்னார். துர்காதேவி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். நேரத்துக்குச் சோறு போட்டாள். சேற்றில் கிழிந்த காலுக்கு மருந்து வாங்கித் தந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அய்யா என்று மட்டும் அவரைக் கூப்பிடவில்லை.